ஓரம் தேயாத டயர்

"வளைவுல வழுக்காத டயர் ஒண்ணு வேணும், அம்மிணி."

செங்கோட்டுவேல் இப்படிக் கேட்டது ஒரு சனிக்கிழமை காலையில். கேட்டது சம்பூர்ணத்திடம்.

சந்தேகம் வந்தால் மடத்துக்குப் போகிறவர்கள் உண்டு. நாமக்கல் பக்கம் பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர்களுக்கு மடம் என்றால் அது சம்பூர்ணத்தின் டயர்க் கடைதான். பைபாஸ் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அவள் அப்பா காலத்தில் தேய்ந்த லாரி டயருக்கு ரப்பர் ஒட்டிக் கொடுத்த இடம். இவள் கைக்கு வந்த பிறகு, இரண்டு பக்கமும் பெட்டி கட்டிக்கொண்டு தேசம் சுற்றுகிற கனத்த வண்டிகளும் வர ஆரம்பித்தன. ரிம்மில் ஒரு கீறல் விழாமல் டயரைக் கழற்றிவிடுவாள்.

வயசு நாற்பதுதான். வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். ஆனாலும் விளையாட்டுப் போல "குருவே" என்றுதான் கூப்பிடுவார்கள்.

"குருவுக்கு முதல்ல ஒரு டீ சொல்லுங்க" என்பாள் அவள்.

நேராகப் பதில் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. எந்த டயர் நல்ல டயர் என்று ஒருவர் கேட்டார். வீட்டுக்கு எப்போது திரும்பணும் என்று இவள் கேட்டாள். இந்த டயர் எவ்வளவு நாள் உழைக்கும் என்று இன்னொருவர் கேட்டார். ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் ரொம்ப நாள் உழைக்கும் என்றாள். அவர் கோபித்துக்கொண்டு போய், அடுத்த வாரம் அவளிடமே திரும்பி வந்தார்.

அதனால் செங்கோட்டுவேல் கேட்டதற்கும் அவள் கேள்விதான் கேட்டாள்.

"எந்த வளைவுங்கண்ணா?"

"கொல்லிமலை வளைவுதான். வேற எது?"

பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த குணாளனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ஆள், சேர்ந்து வண்டி ஓட்டுகிறவர். செங்கோட்டுவேலுக்கு முட்டை வியாபாரம். அதை வைத்து எப்போதும் ஒரு கிண்டல்.

"அண்ணன் பின்பெட்டியில முட்டை அட்டை இருக்கும் குருவே. அதான் வளைவுன்னா பயம்."

செங்கோட்டுவேலும் சிரித்து வைத்தார். உள்ளே சிரிப்பு இல்லை.

என்ன விஷயம் என்றால், அவர் பெண்சாதி வசந்தாமணி அந்த மலைமேல்தான் இருக்கிறாள். நாலு வருஷமாக.

சண்டை ஒன்றும் இல்லை. அவள் அப்பா மலையில் மிளகுத் தோட்டம் வைத்திருந்தவர். ஒருநாள் திடீரென்று தவறிப்போய்விட்டார். அந்த நேரம் செங்கோட்டுவேல் வடக்கே பனிமலைப் பக்கம் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். போனை அணைத்து வைத்திருந்தார். அங்கே போகிறதே எந்தச் சத்தமும் இல்லாமல் இருக்கத்தானே என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

திரும்பி வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. சாவி பக்கத்து வீட்டில்.

போன் போட்டார். அம்மா தனியாக இருக்கிறாள், நான் இங்கேயே இருக்கிறேன் என்றாள் வசந்தாமணி. பிறகு, "வரத் தோணும்போது வாங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே போயிருப்பார். சாதாரணமாகச் சொன்னாள். சோறு வைத்துவிட்டு "சாப்பிடுங்க" என்கிற குரல் அது. அந்தக் குரலுக்கு முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிளம்புவார். அடிவாரம் காரவள்ளிவரை போவார். மலையை அண்ணாந்து பார்ப்பார். அவள் வீட்டுப் புகை தெரியுமா என்ன, ஒன்றும் தெரியாது, மேகம்தான் தெரியும். ஒரு டீ குடிப்பார். அங்கே கடையில் மலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்குவார். திரும்பிவிடுவார்.

அந்தப் பழத்தைத்தான் மறுநாள் டயர்க் கடையில் எல்லோருக்கும் பங்கு வைப்பார். எங்கள் தோட்டத்துப் பழம், வசந்தா கொடுத்துவிட்டாள் என்பார். மிளகு இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது என்று சேர்த்தும் சொல்வார். சொல்லும்போது, மேலே போய்விட்டு வந்த மாதிரியே ஒரு கணம் இருக்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவ்வளவும்.

மற்றவர்கள் ஊட்டிக்கும் வால்பாறைக்கும் கூப்பிட்டால் முட்டை லோடு வருகிறது என்பார். பெங்களூர், மதுரை, கன்னியாகுமரி என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார்.

இப்போது வந்த வினை வேறு. மலைக்கடைகளுக்கு முட்டை கொண்டுபோகிற வேன்காரர் நேற்று ஒரு சேதி கொண்டுவந்தார். வசந்தாமணி தோட்டத்தை விற்றுவிட்டாளாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓசூரில் தம்பி வீட்டோடு போய்விடப் போகிறாளாம், திங்கட்கிழமை. ஞாயிறு முழுக்க வீட்டில்தான் இருப்பேன் என்று சொல்லச் சொன்னாளாம்.

ஓசூர் வீட்டுக்குப் போனபின் அவர் எந்த அடிவாரத்தில் போய் நிற்பார்?

அதனால்தான் சனிக்கிழமை காலையில் வந்து, வழுக்காத டயர் வேணும் என்று கேட்டார். இவ்வளவு நாள் போகாததற்குக் காரணம் டயர்தான் என்று இரவெல்லாம் யோசித்து அவருக்கு அவரே முடிவு கட்டியிருந்தார்.

சம்பூர்ணம் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்தாள். குனிந்து இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு குணாளனிடம் திரும்பினாள்.

"குணாண்ணா, மூணு டீ சொல்லிட்டு வாங்க. போன் போட வேண்டாம். நேர்ல போய்ச் சொன்னாத்தான் நல்லாப் போடுவாரு."

குணாளன் முனகிக்கொண்டே எழுந்து போனார்.

அவர் ரோட்டைத் தாண்டுகிறவரை சம்பூர்ணம் பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரியிலிருந்து ஒரு டயரை இறக்கினாள். கெட்டி ரப்பர், ரொம்ப தூரம் வரும், ஆனால் பிடிப்பு குறைச்சல் என்றாள். இன்னொன்றை இறக்கினாள். இது மெது, நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் கரைந்துவிடும் என்றாள்.

"ரெண்டும் சேர்ந்த மாதிரி இல்லையா?"

"இருக்குதுங்க. நடுவுல கெட்டி, ஓரத்துல மெது. நேர் ரோட்டுல நடு ஓடும். வளைவுல வண்டி சாயறப்ப ஓரம் வந்து பிடிச்சுக்கும்."

"அதையே குடு அம்மிணி. அதுதான் எனக்கு வேணும்."

"கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"சும்மா மூடுங்கண்ணா. டயர் வாங்க வந்தவரு, தொட்டுப் பார்க்க வேண்டாமா?"

மூடினார். அவள் அவர் கையைப் பிடித்து ஒரு டயரின்மேல் வைத்தாள். நடுப்பகுதி சிலேட்டுப் பலகை மாதிரித் தட்டையாக இருந்தது. வரியே இல்லை, மொட்டை. கையை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். ஒரு மேடு தட்டியது. அதைத் தாண்டினால் ரப்பர் மெத்தென்று இருந்தது. சின்னச் சின்னதாக ஏதோ விரலைக் குத்தியது. பூனைக்குட்டி மீசை மாதிரி. புது டயரில் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ரப்பர் முடி.

"பாதி பழசு, பாதி புதுசா இருக்குதே. இதென்ன டயர்?"

"கண்ணைத் திறங்க."

அவர் கை அவருடைய வண்டியின் பின்சக்கரத்தின்மேல்தான் இருந்தது.

எடுக்கத் தோன்றாமல் அப்படியே வைத்திருந்தார். பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"நீங்க கேட்ட டயரைத்தான் போன தடவை மாட்டிவிட்டேன். ஓரம் இன்னும் ரோட்டையே தொடலை. இதைவிட நல்ல ஓரம் என்கிட்ட இல்லீங்கண்ணா."

"அந்தப் பழமெல்லாம்..." என்று ஆரம்பித்தார் செங்கோட்டுவேல்.

"அடிவாரத்துக் கடைப் பழம்தானுங்களே. தெரியும்."

"தெரிஞ்சுமா தின்ன?"

"பழம் நல்லாத்தான இருந்துச்சு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பேரீச்சம்பழக் கொட்டையை விழுங்கினவர் மாதிரி நின்றார். பிறகு வேன்காரர் சொன்ன சேதியைச் சொன்னார், திங்கட்கிழமையைச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"போய் நின்னு, அவ கதவைத் திறக்கலைன்னா?"

சம்பூர்ணம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"அது டயர்க் கடையில கேக்கற கேள்வி இல்லீங்கண்ணா."

நடு மொட்டையான டயரில் மலையேறக் கூடாது என்று இரண்டு சக்கரத்துக்கும் புதுசு மாட்டினாள். அதே டயர்தான். குணாளன் டீக்கடையில் அரட்டையை முடித்துக்கொண்டு டீயோடு வந்தபோது பழைய டயர்கள் கொட்டகைக்குப் பின்னால் போயிருந்தன. அவர் என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். ஒன்றும் பெயரவில்லை.

கிளம்பும்போது செங்கோட்டுவேல் மெதுவாகக் கேட்டார்.

"இது வழுக்காதில்ல?"

"வழுக்கும்."

"என்ன அம்மிணி இப்படிச் சொல்ற?"

"டயர் வார்க்கற அச்சுல இருந்து வர்றப்ப புது ரப்பர்மேல ஒரு வழவழப்பு இருக்கும். ரோட்டுல உரசினாத்தான் அது போகும். உரசற வரைக்கும் பிடிக்காது. ஒரேயடியாச் சாய்க்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமாச் சாய்ங்க."

"சாஞ்சாத்தான் பிடிக்கும். பிடிச்சாத்தான சாய முடியும்?"

அவள் டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை செங்கோட்டுவேல் சட்டையை மூன்று தரம் மாற்றினார். கடைசியில் முதலில் போட்ட சட்டையையே போட்டுக்கொண்டு கிளம்பினார்.

காரவள்ளியில் டீக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் வழக்கம்போல ஒரு சீப்பை எடுத்துத் தாளில் சுற்ற ஆரம்பித்தார். இன்றைக்கு வேண்டாம் என்றார் இவர். கடைக்காரர் சுற்றின தாளைப் பிரித்துக்கொண்டே, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்.

முதல் வளைவில் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டேதான் ஏறினார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தது. தாண்டும்போது டிரைவர் தலையை நீட்டி, வண்டியை ஓட்டுறீங்களா தள்ளுறீங்களா என்று மரியாதையாகவே கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வளைவில் ஒரு காலை எடுத்தார். அதற்கு அடுத்ததில் கொஞ்சம் சாய்த்தார். இன்னொன்றில் இன்னும் கொஞ்சம்.

ஒவ்வொரு வளைவிலும் வசந்தாமணியிடம் சொல்ல ஒரு பேச்சுக் கிடைத்தது. அடுத்த வளைவு வருவதற்குள் அது சொத்தையாகிப் போனது. போன் அணைத்திருந்தது தப்பு என்று சொல்லலாமா. அது அவளுக்குத் தெரியாதா. நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை என்று சொல்லலாமா. அதைச் சொல்ல நாலு வருஷமா.

கல்யாணமான புதிதில் வசந்தாமணி பின்னால் உட்கார்ந்து வந்தது நினைவுக்கு வந்தது. வளைவு வந்தால் அவர் ஒரு பக்கம் சாய்வார், அவள் மறுபக்கம் சாய்வாள். வண்டி தத்தளிக்கும். நான் சாயற பக்கமே சாயணும் புள்ள என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் சாஞ்சா விழுந்துற மாட்டமா?" என்பாள். பயந்து அல்ல. கணக்குச் சொல்கிற மாதிரி.

முதுகில் அந்தச் சூடு இப்போதும் இருக்கிற மாதிரி இருந்தது. இல்லை. வெயில்தான்.

பாதி மலை தாண்டியிருப்பார். ஒரு வளைவில் சரளை மணல் கிடந்தது. அந்தப் பழைய நினைவில் கொஞ்சம் கூடுதலாகவே சாய்த்துவிட்டார் போலிருக்கிறது. பின்சக்கரம் சர்ரென்று ஒரு சாண் விலகியது. காலை ஊன்றினார். வண்டி ஆடி, அடங்கி, நின்றது.

தடுப்புச் சுவரோரம் வண்டியை நிறுத்தினார். சுற்றிலும் ஆளில்லை. எங்கோ ஒரு பலாமரத்தில் குரங்குகள் பேசிக்கொண்டன.

போனை எடுத்தார். பேர்களைத் தள்ளியபோது வசந்தாமணியின் பேர் வந்தது. அதைத் தாண்டி சம்பூர்ணத்தைக் கூப்பிட்டார்.

"வழுக்கிருச்சு, அம்மிணி."

அந்தப் பக்கம் டயரில் காற்றடிக்கிற சத்தம் நின்றது.

"விழுந்தீங்களா?"

"இல்ல."

"வண்டி விழுந்துச்சா?"

"இல்ல. நிக்குது." மூச்சு வாங்கினார். "எனக்கு இது ஆகாது அம்மிணி. திரும்பிரலாம்னு பார்க்கறேன்."

"திரும்புங்க" என்றாள் சம்பூர்ணம். "கீழ வர்றதுக்கும் அதே வளைவுதானுங்களே."