ஐப்பசி பதினெட்டில் பெய்த பன்னீர்

முன்னொரு காலத்தில் கருங்குளத்துச் சீமையைக் கனகசேகரன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் தன் பிறந்தநாளன்று மட்டும் வெயிலும் காற்றும் தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்பார். பிறந்ததோ ஐப்பசி பதினெட்டு, அடைமழைக் காலம். ஆசையைப் பாருங்கள்!

அரண்மனையில் விடங்கராயர் என்று ஒருவர் இருந்தார். அன்றன்றைய வானிலையையும் பகல்பொழுதின் நீளத்தையும் ஏட்டில் எழுதுவது அவர் வேலை. ராஜாவைப் புகழ்ந்து பாடுவதும் அவர் வேலைதான். இரண்டுக்கும் ஒரே எழுத்தாணி. பிறந்தநாளில் வருஷா வருஷம் ஒரே வரி: "வானம் தெளிவு. மழை இல்லை. பகல் முப்பத்திரண்டு நாழிகை." ராஜா முகத்தில் சாரல் அடித்தால், "பன்னீர் தெளிக்கிறோம் பிரபோ" என்பார். ராஜாவும் நம்பி, "இந்த வருஷம் பன்னீர் தாராளம்" என்று மெச்சுவார்.

ஊருக்கு மேற்கே பெரிய ஏரி. அதன் காவல்காரி மாராயி. கரையில் ஓர் எலிவளை தெரிந்தாலும் மண்வெட்டியோடு போய் நின்றுவிடுவாள். முந்தின வருஷம் உடைப்பை அடைத்ததற்காக ராஜா தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். அன்று பிடித்தது விடங்கராயருக்கு வயிற்றெரிச்சல்.

ராஜாவுக்கு ஐம்பது நிறைந்த வருஷம் மழை தாமதித்தது. ஏரியின் உள்வாய், தண்ணீர் நிற்கும் இடமெல்லாம், காய்ந்து கிடந்தது. "பிரபோ, ஏரிக்குள் பந்தல் போட்டால் ஊரே உட்காரலாம். யானைகள் இறங்க, கரையைக் கொஞ்சம் வெட்டினால் போதும்" என்றார் ராயர்.

"மழை வந்தால்?"

"இருபத்தைந்து வருஷ ஏட்டைப் புரட்டிவிட்டேன். அந்தத் தேதியில் ஒரு துளி விழுந்ததில்லை."

ராஜா உத்தரவு போட்டுவிட்டார். மாராயி காதுக்குச் சேதி எட்டியதும் மண்வெட்டியும் கையுமாக அரண்மனைக்கு ஓடினாள். கரையை வெட்டினால் வருகிற தண்ணீர் அத்தனையும் கீழே இருக்கும் குடிசைகளுக்குள் புகும். அப்புறம் பதினான்கு ஊர் சம்பாப் பயிரை நனைக்கக்கூட நீர் மிஞ்சாது என்று முறையிட்டாள்.

ராஜா ஏட்டின் வரியை உரக்கப் படித்துக் காட்டினார். "ஏட்டையே மறுக்கிறாயா மாராயி?" என்றார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது ராஜா, எப்படி மறுப்பேன்? ராயர் பாட்டுன்னா எனக்கு உசுரு. பிறந்தநாள் பாட்டெல்லாம் ஒரு தடவை பாடச் சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்."

ராயருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். ஒரு வருஷம் வானம் ஆனந்தக் கண்ணீர் வடித்தது. ஒரு வருஷம் இந்திரன் முரசு கொட்ட, மின்னல் ஆரத்தி எடுத்தாள். இன்னொரு வருஷம் வீதியெல்லாம் பன்னீர் முழங்காலளவு ஓடியது. பக்கத்தில் நின்ற சேனாபதி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த மாராயி சொன்னாள்: "இருபத்தஞ்சுல பத்தொன்பது வருஷம் வானம் அழுதிருக்கு. ஏட்டுல தெளிவுங்குது, பாட்டுல அழுகைங்குது. ரெண்டும் ஒரே கை எழுதினது. எது பொய் ராயரே?"

"பாட்டு... அது அலங்காரம்!"

ராஜா நிமிர்ந்தார். "என் பிறந்தநாளில் வானம் ஆனந்தப்படவில்லையா?"

"பட்டது பிரபோ!"

"அப்படியானால் மழை பெய்தது."

"பெய்யவில்லை பிரபோ!"

"இன்னொண்ணு ராஜா," என்றாள் மாராயி. "மடை திறந்து மூட நானும் நாழிகை வட்டில் வச்சிருக்கேன், தண்ணியில மிதந்து நாழிகைக்கு ஒரு தரம் முழுகுற ஓட்டை வட்டில். அன்னிக்கு ராப்பொழுது முப்பது நாழிகைக்குக் குறையாது. ராயரோட பகலையும் கூட்டிப் பாருங்க."

ராஜா கூட்டினார். "அறுபத்திரண்டா? நாளுக்கு அறுபதுதானே!"

"அரண்மனை வட்டில் ஓட்டையைப் பெருசாக்கினா சீக்கிரம் முழுகும், நாழிகைக் கணக்கு கூடும். சூரியன் என்னமோ எப்பவும் போலத்தான் அடையுது."

ராஜாவுக்கு ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "இந்த வருஷம் பெய்யும் என்பதற்கு என்ன நிச்சயம்?"

"நிச்சயமில்லைதான். கரையை வெட்டாம, ஏரிக்குள்ள ஒரு பந்தல் போட்டு ராயரை உட்கார வைங்க. பொழுது சாயுறவரை ஒரு துளி விழலைன்னா அடுத்த வருஷத்துக்கு நானே கரையை வெட்டித் தரேன்."

ராஜா சம்மதித்தார்.

பதினெட்டாம் தேதி காலை சுள்ளென்று வெயில். ராயர் பந்தலுக்குள் மெத்தைமேல் சாய்ந்து அதிரசம் தின்றார். கரைமேல் மாராயி கஞ்சியைத் தொடாமல் கிழக்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷம் தெளிவாகவும் இருந்திருக்கிறதே!

உச்சி சாய்ந்தது. கிழக்கே கறுத்தது. சடசடவென்று பிடித்துக்கொண்டது.

கரையிலிருந்து ராஜா கத்தினார்: "ராயரே, என்ன அது?"

"பன்னீர் பிரபோ!"

ஓடைகள் நாலு பக்கமும் உள்ளே பாய்ந்தன. கணுக்கால் முழுகியது. "இப்போது?"

"பன்னீர்தான் பிரபோ!"

பந்தல் பொத்தென்று தலையில் விழுந்தது. மெத்தை மிதந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று ராயர் அலறினார்: "மழை பிரபோ, மழை! பரிசலை அனுப்புங்கள்!"

அரண்மனையைச் சேர்ந்த யாரும் அந்தத் தேதியில் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கரைக்குக் கீழே குடிசை வாசல்களில் நின்ற குழந்தைகளைப் பார்த்தார். "வெட்டியிருப்பேனே மாராயி," என்றார் மெதுவாக.

கரையேறிய ராயரை அந்த மழைக்காலம் முழுக்க மாராயியிடம் மண் சுமக்க விட்டார். "உனக்கு என்ன வேண்டும்?" என்று அவளைக் கேட்டார்.

"கரைக்கு நூறு வண்டி மண்ணு ராஜா."

"தந்தேன். இனி அந்த ஏட்டை உன் கண்முன்னால்தான் எழுத வேண்டும்."

புது எழுத்தர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார்: "ஐப்பசி பதினெட்டு. காலை வெயில். உச்சிக்குமேல் கனமழை. அரசர் நனைந்தார், தும்மினார்." தலை தூக்கி, "எத்தனை தும்மல்?" என்று கேட்டார்.

"ஏழு" என்றார் ராஜா.

"ஒன்பது" என்றாள் மாராயி.

எழுத்தர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ராஜா இன்னொரு தும்மல் போட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பத்து என்று எழுதும் ஐயா!"