அதிராத பெட்டி

"பாட்டு ஒண்ணு பாடுது தாயி, பெட்டி ஒண்ணு பாடுது" என்றார் அருளப்பன்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம்தான் தன் கையாலேயே ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்திருந்தார். அதை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

பர்வீன் அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள். ஆனாலும் மதுரையில் பெட்டி செய்கிறவர்களுக்குச் சந்தேகம் என்றால் அவள் பட்டறைக்குத்தான் போவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள்.

பெட்டியின் பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டினாள். டங்கென்றது.

பட்டறைச் சுவரைத் தட்டினாள். சத்தமே இல்லை.

"பலகை மெலிசா போச்சா தாயி?"

"மெலிசு இல்லண்ணே. பிடிப்பு இல்ல. அதான் பாட்டோட சேந்து பலகையும் அதிருது."

நாலு மரக்கட்டைகளை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அருளப்பன் வீட்டுக்குப் போய், சுற்றியுள்ள நாலு பலகைகளின் உட்புறமும் ஒவ்வொரு கட்டையாகத் திருகு போட்டு முடுக்கினார்.

மூன்றாம் நாள் பெட்டியோடு திரும்பி வந்தார். முகம் வாடியிருந்தது.

"இன்னும் அதிருதாண்ணே?"

"இல்ல தாயி. கல்லு மாதிரி நிக்குது. பாட்டு அவ்வளவு சுத்தமா கேக்குது."

"அப்புறம் என்ன?"

அருளப்பன் பெட்டியை மேசை மேல் வைத்தார்.

"வீட்டுக்காரிக்கு ரெண்டு வருஷமா காது சுத்தமா கேக்காது. சாயங்காலம் நான் பாட்டுப் போட்டா, பக்கத்துல வந்து பெட்டியோட பக்கப் பலகையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. எனக்குத் துணைக்குத்தான் உக்காந்திருக்கான்னு நெனச்சேன்."

பர்வீன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நேத்து பாட்டு ஓடிக்கிட்டிருக்கு. கைய வச்சா. எடுத்தா. மறுபடி வச்சா. என் மூஞ்சியப் பாத்து, 'ஏங்க, பாட்ட நிறுத்திட்டீங்களா?'ன்னு கேக்குறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு தலையாட்டிட்டேன்."

பர்வீன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். ஸ்பீக்கரைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பெட்டிக்குள் கையை விட்டுக் கட்டைகளைத் தடவியவள், நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"மதினி எந்தப் பக்கம் உக்காருவாங்க?"