கல் மனிதனின் கை

மாமல்லபுரம் போகும் சாலையில் விடுதி வைத்திருந்த நெல்சன், ஒரு முறை கனடாவின் வடகோடிக்குப் போய் வந்தார். அங்கே பனிவெளியில் இனுயிட் மக்கள் கல்மேல் கல்லாக அடுக்கி வைத்திருந்த இனுக்சுக் ஒன்றைப் பார்த்து மயங்கிவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் நிற்பதுபோல் இருக்குமாம். ஊர் திரும்பியதும் சிற்பி தவமணியை அழைத்துப் படத்தைக் காட்டி, விடுதி முன்னால் அதேபோல் ஒன்று வைக்கச் சொன்னார்.

"மரமே இல்லாத ஊரும்மா. எங்க பாத்தாலும் வெள்ளை. வேட்டைக்குப் போறவங்களுக்கு வழி தெரியணும்னு வைக்கிறாங்க."

"நம்ம ஆளு எதுக்கு வழி காட்டணும் சார்?"

"ஒண்ணும் காட்ட வேணாம். அழகா நின்னாப் போதும்."

தவமணி பட்டறையில் கிடந்த கற்களைக் கொண்டுவந்து அடுக்கினாள். கால்கள் இரண்டும் துணி துவைத்த கற்கள். ஒரு பக்கம் நீண்ட கை, பழைய வாசற்படி. தலை, நந்தி செதுக்கத் தொடங்கி, விரிசல் கண்டதும் கைவிட்ட கருங்கல்.

தலைக்குக் கர்வம் தாங்கவில்லை. "இனிமே நான் இனுயிட் கலை," என்றது.

"நீ செங்கல்பட்டு குவாரி," என்றது இடது கால்.

"துணி துவைச்ச கல்லுக்குக் கலையைப் பத்தி என்ன தெரியும்?"

"கலை தெரியாது. மேல உக்காந்திருக்கிறவன் கனம் நல்லாத் தெரியும்."

வந்தவர்கள் எல்லாரும் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் தலை தன்னை ஒரு சுற்று பெரிதாக உணர்ந்தது.

ஒருநாள் கல்யாண வரவேற்புக்கு வந்த ஒருவர் காவலாளி கோதண்டத்திடம் ஓடிவந்தார். "பாத்ரூம் எங்கப்பா?"

கோதண்டத்தின் வாய் நிறைய பஜ்ஜி. மென்றபடியே சுற்றிலும் பார்த்தார். கல் மனிதனின் கை, தென்னைகளுக்குப் பின்னால் இருந்த கழிப்பறைப் பக்கம் தற்செயலாக நீண்டிருந்தது.

"அந்தக் கல்லு காட்டுற பக்கம் போங்க சார்."

அன்றிலிருந்து யார் கேட்டாலும் அதுவே பதிலாயிற்று.

"கக்கூசுக்கு வழி காட்டவா நான் வந்தேன்?" என்று தலை குமுறியது. "ஏய் கை, மடங்குடா!"

"கல்லு எப்படிண்ணே மடங்கும்?" என்றது கை. "அதுவும் போக, ஓடி வர்றவங்க மூஞ்சியைப் பாரு. பாவமா இருக்கு."

விஷயம் நெல்சன் காதுக்கு எட்டியது. அவமானமாகப் போயிற்று. தவமணியை வரவழைத்துக் கையைக் கடல் பக்கம் திருப்பச் சொன்னார்.

"இப்பதான் கம்பீரம்," என்றது தலை.

அடுத்த முகூர்த்தத்தில் மாப்பிள்ளையின் அப்பா சதாசிவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். கோதண்டம் பழக்கதோஷத்தில், "கல்லு காட்டுற பக்கம் சார்," என்றார். சதாசிவம் நம்பி நடந்தார். மணல் வந்தது, தாண்டினார். படகுகள் வந்தன; சுற்றிக்கொண்டு போனார். அலை வந்து பட்டு வேட்டியை முழங்கால் வரை நனைத்த பிறகுதான் நின்றார். அதற்குப்பின் அங்கே நடந்ததை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஈர வேட்டியோடு திரும்பியவர் நேரே கல் மனிதனின் முன்னால் வந்து நின்றார்.

"மனுஷன் பொய் சொல்றான், சரி. கல்லுமாய்யா?"

தலைக்குச் சுருக்கென்றது. வெடிப்புக் கல் என்று ஏசியிருக்கிறார்கள். எதற்கும் உதவாது என்று புரட்டிப் போட்டிருக்கிறார்கள். பொய்க்கல் என்று யாரும் சொன்னதில்லை.

மாப்பிள்ளை வீட்டார் போட்ட சத்தத்தில் நெல்சன் அன்றே தவமணியைக் கூப்பிட்டார். கை பழையபடி தென்னைகளின் பக்கம் திரும்பியது.

மறுநாள் காலை இரண்டு பேர் கேமராவோடு வந்து, நல்ல கோணம் தேடிக் கல் மனிதனைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தலை அவர்களைக் கவனிக்கவே இல்லை. விடுதி வாசலில் ஒரு பெண்மணி புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி நாலாபுறமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றது தலை, மெதுவாக, "இன்னும் கொஞ்சம் நல்லா நீட்டுடா. அந்தம்மாவுக்குத் தெரியல போலிருக்கு."