ஐந்தாம் அத்தியாயத்தின் ஆசை

ஒரு ஊரில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதன் வாசலுக்கு நேர் எதிரே உதுமான் பாயின் பைண்டிங் கடை இருந்தது. உள்ளே அறிவு உற்பத்தியானது. கடையில் அதற்கு அட்டை போட்டார்கள். அட்டை இல்லாத அறிவை அந்த ஊரில் யாரும் மதிப்பதில்லை என்பதால் கடையில் எப்போதும் கூட்டம்தான்.

ஒரு சமயம் மூன்று ஆய்வேடுகள் அங்கே ஒன்றாக வந்து சேர்ந்தன. முதலாவது பங்குச் சந்தை பற்றியது. சின்ன முதலீட்டாளர்கள் ஏன் விலை ஏறும்போது வாங்கி, இறங்கும்போது விற்று, பிறகு தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள் என்று கோமதிநாயகம் என்பவர் ஆராய்ந்திருந்தார். இரண்டாவது நர்சிங் படிப்பு பற்றியது. எப்படிச் சொல்லிக்கொடுத்தால் மாணவிகள் பயமில்லாமல் ஊசி போடுவார்கள் என்று பிரிசில்லா என்பவர் ஆராய்ந்திருந்தார். மூன்றாவது நரம்பு நோய் பற்றியது. கை நடுங்கி நடை தளரும் பார்க்கின்சன் நோயாளிகளை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று டாக்டர் உலகநாதன் ஆராய்ந்திருந்தார்.

மூன்றிலும் முதல் நான்கு அத்தியாயங்கள் எப்போதோ வந்து, மேஜை மேல் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தன. ஐந்தாம் அத்தியாயமான முடிவுரை மட்டும் கடைசி நாளில் ஓடி வந்தது. உலகத்தில் எந்த ஆராய்ச்சியாளரும் முடிவுரையை அதற்கு முன்னால் எழுதியதாகத் தெரியவில்லை. ஆக, மூன்று முடிவுரைகளும் ஒரே காலையில், பிரிண்டரின் சூடு ஆறாமல், சணலால் கட்டப்பட்டு, தலையில் ஆளுக்கொரு பெயர்ச் சீட்டுடன் ஒரே மேஜைக்கு வந்தன. வந்த உடனேயே சிநேகமாக ஒட்டிக்கொண்டுவிட்டன.

"நான் பங்கு," என்று அறிமுகம் செய்துகொண்டது முதலாவது. "நான் என்ன சொல்கிறேன் தெரியுமா? தினமும் விலையைப் பார்க்காதே. பார்க்கப் பார்க்கப் பயம்தான் கூடும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் யோசனையைக் கேட்டு ஓடாதே. எதற்காக வாங்கினாய் என்பதை மட்டும் மறக்காதே."

"அடேயப்பா!" என்றன மற்ற இரண்டும்.

"நான் செவிலி," என்றது இரண்டாவது. "தப்புச் செய்கிறவளைத் திட்டாதே. முதல் தடவை அவள் கையைப் பிடித்துக் காட்டு. அடுத்த தடவை கையை விட்டுவிட்டுப் பக்கத்தில் நில். அதற்கடுத்த தடவை, பார்ப்பதையே நிறுத்திவிடு. அவளே செய்துவிடுவாள்."

"நான் நரம்பு," என்றது மூன்றாவது, கொஞ்சம் மெதுவாக. "அவசரப்படுத்தாதே. அவர் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திரு. கால் நகராமல் நின்றுவிட்டால் பிடித்து இழுக்காதே. ஒரு பாட்டுப் பாடு. தாளத்துக்குக் கால் தானே வரும்."

மூன்றுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. சணல் கட்டுக்குள்ளேயே குதித்தன. இவ்வளவு நல்ல விஷயங்களை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

கீழே இருந்த பசை வாளி களுக்கென்று சிரித்தது. "ஆடுங்கள், ஆடுங்கள். உங்களை யார் படிக்கப் போகிறார்கள்?"

"ஏன், தேர்வாளர் படிப்பாரே!"

"எத்தனை ஆய்வேட்டை ஒட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? எடுத்ததும் நன்றியுரையில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கடைசியில், தன் புத்தகத்தை மேற்கோள் காட்டியிருக்கிறானா என்று பார்ப்பார்கள். நடுவில் இருப்பதெல்லாம் கனத்துக்காக. வாய்மொழித் தேர்வு முடிந்தால் நேரே நூலகத்து பீரோ. சாவி எங்கே இருக்கிறது என்று நூலகருக்கே தெரியாது."

முடிவுரைகள் குதிப்பதை நிறுத்தின. பங்குக்குத்தான் ரொம்பவும் வருத்தம். "எனக்கு ஊரே படிக்க வேண்டாம். பீரோவுக்குப் போவதற்குள் ஒரே ஒரு ஆள் படித்தால் போதும்," என்றது. பாவம், அதன் ஆசை அவ்வளவுதான்.

அதுவரை போயிருந்த கரண்ட் அந்த நேரம் பார்த்து வந்தது. உதுமான் பாய் ஃபேனை ஐந்தில் வைத்திருந்ததை மறந்துபோயிருந்தார். ஃபேனுக்கு இப்படியொரு வாய்ப்புக் கிடைத்தால் விடுமா? "ஹோ!" என்று ஒரு சுற்றுச் சுற்றியது. மூன்று பெயர்ச் சீட்டுகளும் கட்டுகளிலிருந்து உருவிக்கொண்டு பறந்து, கடையை வலம் வந்து, பாயின் தொப்பியில் ஒன்றும் டீ கிளாஸில் ஒன்றும் வாசலில் ஒன்றுமாகப் போய் உட்கார்ந்தன.

பாய் சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து மூன்று கட்டுகளையும் பார்த்தார். ஒன்றைப் போலவே மற்றது. மூன்றுக்கும் தலைப்பு: 'கண்டறிந்தவையும் பரிந்துரைகளும்'. மூன்றுக்கும் முதல் வரி: 'இந்த ஆய்வின் வாயிலாகத் தெரியவருவது யாதெனில்'. மூவரும் ஒரே பழைய ஆய்வேட்டை முன்னால் வைத்துக்கொண்டு எழுதியவர்கள்.

"நான் உட்கார்ந்து இதையெல்லாம் படிச்சா கடையை யாரு பாக்கது?" என்றார் பாய். "பெரிய படிப்புப் படிச்சவங்க எழுதுனது. எங்க வச்சாலும் பொருந்தத்தான் செய்யும்." கைக்கு வந்தபடி சீட்டைச் செருகினார்.

"ஐயோ, நான் அது இல்லை!" என்று கத்தியது பங்கு. "என் வீடு இது இல்லை!" என்று கத்தியது நரம்பு. ஃபேன் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? தையல் ஊசி ஏறியது, பசை வாளி ஒட்டியது, அட்டையில் தங்க எழுத்து விழுந்தது. பங்கு நரம்பு நோய் ஆய்வேட்டுக்குள் போயிற்று. நரம்பு நர்சிங்குக்குள் போயிற்று. செவிலி பங்குச் சந்தைக்குள் போயிற்று. எல்லாப் பிரதிகளிலும் அப்படியே.

புது வீட்டில் பங்கு நடுங்கிக்கொண்டே நான்காம் அத்தியாயத்தின் பக்கத்தில் உட்கார்ந்தது. எதிரே ஒரு நோயாளியின் கை நடுக்கத்தை அளந்து வரைந்த படம் இருந்தது. மேலும் கீழுமாக ஏறி இறங்கும் ஒரே கோடு. "அட, இது எங்கள் ஊர்க் கோடு மாதிரியே இருக்கிறதே!" என்று பங்குக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஆய்வேடுகள் வெளியூர்த் தேர்வாளர்களுக்குப் போய்த் திரும்பின. மூன்று அறிக்கைகளும் ஒரே மாதிரி வந்தன: 'முடிவுரை ஆய்வுக்கு மிகவும் பொருத்தமாக அமைந்துள்ளது.' பசை வாளிக்கு இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் குமிழி விட்டது.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. பல்கலைக்கழகத்தில் ஏசி வேலை செய்யும் மண்டபம் ஒன்றே ஒன்று. அதனால் மூன்று தேர்வையும் ஒரே நாளில், அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அல்வாவும் மிக்சரும் மொத்தமாக வாங்கினால் சல்லிசு என்பது இன்னொரு காரணம்.

முதலில் கோமதிநாயகம். தன் கம்ப்யூட்டரில் இருந்த படங்களைக் காட்டிப் பேசி முடித்தார். தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டி, நன்றியுரையில் சற்றுத் தங்கி, "ஆய்வுக்கு 384 பேரை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டார். எந்த ஆய்வுக்கும் கேட்கிற கேள்வி அது. எந்த ஆய்வுக்கும் சொல்கிற பதிலை அவரும் சொன்னார். கைதட்டல், சால்வை, அல்வா. அடுத்தது பிரிசில்லா. "எழுத்துப் பிழை ரெண்டு மூணு இருக்கு, திருத்திக்கோங்க," என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை. கைதட்டல், சால்வை, அல்வா. செவிலியும் நரம்பும் ஓரம்கூட மடங்காமல் வெளியே வந்தன.

"போச்சு. பீரோதான்," என்று பங்கு மனசை விட்டுவிட்டது.

மூன்றாவதாக டாக்டர் உலகநாதன் எழுந்தார். தன் ஆய்வுக்கு உதவிய குடும்பங்களையும் அழைத்திருந்தார் அவர். கடைசி வரிசையில் ஞானதுரை சாரும் அவர் மனைவி எமிலி டீச்சரும் உட்கார்ந்திருந்தார்கள். சாருக்குக் கை நடுக்கம் வந்து சில வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அந்த வீட்டில் காலைக் காபி அவர் பொறுப்பு. இப்போது டீச்சர் அவரை அடுப்படிப் பக்கமே விடுவதில்லை.

பார்வையாளர்களுக்கென்று வைத்திருந்த பிரதி டீச்சர் கைக்கு வந்தது. முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கம் திருப்பி விடையைப் பார்த்துவிடுவார். அதே பழக்கத்தில் முடிவுரையைத் திறந்தார். பங்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூக்குக்கண்ணாடி கிட்டே வந்தது. ஒரு விரல் வரிக்குக் கீழே ஊர்ந்தது. ஒரு ஆள் படிக்கிறார்! உண்மையிலேயே படிக்கிறார்!

டாக்டர் பேசி முடித்ததும், "பொதுமக்கள் தரப்பில் கேள்வி உண்டா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டுவிட்டு எல்லோரும் மிக்சர் பக்கம் திரும்பினார்கள். எமிலி டீச்சர் எழுந்து நின்றார்.

"டாக்டர் தம்பி, எனக்குக் கேள்வி இல்ல. ஒண்ணு சொல்லணும். தெனமும் காலையில நான் காபியைப் போட்டு சார் கையில குடுத்துட்டு, நேத்தைக்குவிட இன்னைக்குக் கூடச் சிந்துதா, கொறையச் சிந்துதான்னு டம்ளரையே பாத்துக்கிட்டு நிப்பேன். இவங்க மொகத்தைப் பாத்து எத்தனை நாளாச்சுன்னே தெரியல. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுதாங்க. ஒருத்தி கழுதைப் பால் வரைக்கும் வந்துட்டா, நானும் கழுதையைத் தேடி அலைஞ்சேன். நீங்க இதுல எழுதியிருக்கீங்களே, தம்பி: 'தினமும் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பவருக்கு அச்சம் கூடுமே தவிர லாபம் கூடாது. தெரிந்தவர் சொல்லும் யோசனைகளின் பின்னே ஓட வேண்டாம்.' எனக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு."

மண்டபம் கைதட்டியது. டாக்டர் உலகநாதனும் தட்டினார். இதை எப்போது எழுதினோம் என்று மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"அருமையான பகுதிம்மா அது. என் அறிக்கையிலயே பாராட்டியிருக்கேன்," என்றார் தேர்வாளர். "அடுத்த வரியையும் படிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

டீச்சர் வகுப்பில் படிப்பதுபோல உரக்கப் படித்தார்: "'விலை சரியும்போது பதறி விற்றுவிட வேண்டாம்.'"

கைதட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன.

"எதை விக்க?" என்றார் தேர்வாளர்.

ஞானதுரை சார் வாயைத் திறந்தார். அவருக்கு வார்த்தை வர நேரமாகும். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"என்னைத்தான்," என்றார் சார். "வெல... ரொம்பல்லா... எறங்கிப்போச்சு."

அவ்வளவுதான். சிரிப்பில் மண்டபம் கிடுகிடுத்தது. எமிலி டீச்சர் சிரித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே சார் தோளில் ஒரு அடி போட்டார். வாசலில் அல்வா தின்றுகொண்டிருந்த கோமதிநாயகம், "ஐயையோ, அது என் வரி!" என்று கூவிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்.

பிறகு ஒரே அமளி. ஆளுக்கொரு ஆய்வேட்டைப் பிடுங்கி ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்தார்கள். யாருடையது எது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் படித்துத்தானே ஆக வேண்டும்? பேராசிரியர்கள் படித்தார்கள். தேர்வாளர்கள் வியர்த்துக்கொண்டே படித்தார்கள். மூன்று முடிவுரைகளும் கைக்குக் கை பறந்து, ஓரம் மடங்கி, அல்வா நெய் பட்டு, கிறுகிறுத்துப்போயின. "என்னையும் படிக்கிறார்கள்! என்னையும்!" என்று செவிலியும் நரம்பும் கூத்தாடின.

செய்தி கேட்டு ஓடி வந்த உதுமான் பாய் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏன்யா, உமக்குக் கண்ணு..." என்று ஆரம்பித்த, கோமதிநாயகத்துக்கு வழிகாட்டிய பேராசிரியர், கையில் விரித்து வைத்திருந்த பக்கத்தைத் தற்செயலாகப் பார்த்தார். 'தப்புச் செய்கிறவரைத் திட்டாதே. பக்கத்தில் நில்' என்று செவிலி அங்கே இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு, போய்ப் பாயின் பக்கத்தில் நின்றார்.

"குடுங்க சார், எல்லாத்தையும் பிரிச்சு மாத்தித் தாரேன்," என்றார் பாய். எல்லோரும் கொடுத்தார்கள். எமிலி டீச்சர் மட்டும் தன் கையிலிருந்ததை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"அது தப்பான பிரதிம்மா," என்றார் தேர்வாளர்.

"விடை சரியாத்தான இருக்கு? எந்தக் கணக்குக்கு உள்ளதா இருந்தா என்ன?" என்றார் டீச்சர். அவரிடம் அதற்குமேல் யார் வாதாடுவது?

மற்ற பிரதிகள் அவரவர் வீட்டுக்குத் திரும்பி, புது அட்டை போட்டுக்கொண்டு, முறைப்படி பீரோவுக்குள் போயின. பங்குதான் டீச்சரோடு ஆட்டோவில் ஏறி அவர் வீட்டுக்குப் போயிற்று.

மறுநாள் காலை டீச்சர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பங்கை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் வெகு நேரமாகப் பாத்திரச் சத்தம். எழுந்து போகக் கால் துடித்தது. டீச்சர் போகவில்லை. கடைசியில் ஞானதுரை சார் டம்ளரும் கையுமாக வந்தார். வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்தார். டீச்சர் டம்ளரைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தார்.

டம்ளரை மேஜையில் வைக்கும்போது ஒரு வாய்க் காபி துள்ளிப் பங்கின் மேல் விழுந்தது. 'குறுகிய கால இழப்புகளைப் பொருட்படுத்த வேண்டாம்' என்ற வரி முழுக்க நனைந்தது. பங்குக்குச் சூடு சுளீரென்றது, ஆனாலும் பெருமை பிடிபடவில்லை. பீரோவில் இருக்கும் எந்த முடிவுரைக்குக் காபிக் கறை கிடைக்கும்?

டீச்சர் மிச்சமிருந்த பாதிக் காபியை எடுத்துக் குடித்தார்.

"சீனி சரியா இருக்கு," என்றார்.