கோமாளியின் வாய்க்கட்டு

தோற்பாவைக் கூத்தில் ஊர்க்குறையைப் போட்டு உடைப்பது கோமாளிப் பொம்மைதான். அது தெரிந்துதான் அரசுக் கலைவிழாவுக்கு முன்னால் கலைத்துறை அதிகாரி சுந்தரலிங்கம், கூத்துக்காரர் கோதண்டராவைத் தேடி வந்தார்.

"அமைச்சர் முன்வரிசையில இருப்பாரு. உம்ம கோமாளி வாயைத் திறக்கப்படாது. ஆனா சனம் சிரிக்கணும். மீறினா அடுத்த விழா லிஸ்டுல உம்ம பேரு இருக்காது."

"ஆகட்டும் ஐயா" என்ற கோதண்டராவ், அவர் கண்ணெதிரிலேயே கோமாளியின் தோல் தாடையை ஊசிநூலால் தைத்துவிட்டார்.

விழாவில் ராஜா பொம்மை கேட்டது: "நம் நாட்டில் குடிதண்ணீருக்குக் குறை உண்டா?" கோமாளி துள்ளிக்கொண்டு வந்தது. தைத்த வாயைத் தொட்டுக் காட்டியது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ரோடெல்லாம் எப்படி?" என்றது ராஜா. மறுபடியும் அதேதான். சிரிப்பில் பந்தலே ஆடியது.

அதிகாரி திரைக்குப் பின்னால் ஓடி வந்தார். "அமைச்சரை என்னவே சொல்லுது உம்ம பொம்மை?"

"அது வாயே திறக்கலியே ஐயா. என்ன சொல்லிச்சுன்னு நீங்களே எழுதித் தாங்க. இனி அதைச் சொல்லாம பாத்துக்கிடுதேன்."

பேனாவை எடுத்த அதிகாரி, கொஞ்சம் யோசித்து, அதைப் பையிலேயே செருகிக்கொண்டார்.

ஊரெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மறுவருஷம் அதே அதிகாரி சிரித்த முகமாக வந்தார். "அமைச்சருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சுவே. இனி எல்லா விழாவுக்கும் கோமாளியை இப்படியே வாயைத் தைச்சுக் கொண்டாரும்."

இந்த வருஷமாவது கோமாளியைப் பேசவிடலாம் என்று நூலை அறுக்க எடுத்த கத்தியைக் கோதண்டராவ் கீழே வைத்தார். தைத்தது தன் கைதானே என்பதுதான் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.