ஆபீசர் உட்கார்ந்த இடைவெளி

"சார், எந்திரிங்க சார். நீங்க ஸ்பேஸ் மேல உக்காந்திருக்கீங்க."

ஆபீசர் பதறி எழுந்து நாற்காலியைத் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. சுத்தமான நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, மறுபடியும் உக்காந்துட்டாரு," என்று பரிமளா அக்கா தலையில் கை வைத்தாள்.

வாசலை மாதேஸ்வரன் அடைத்துக்கொண்டிருந்தான். அவன் இரண்டு கைகளையும் தூக்கி, ஒவ்வொரு கையிலும் இரண்டு விரலை நீட்டிக்கொண்டு நின்றான். எதிர்ச் சுவரோரம் அய்யாவு அண்ணனும் அதே மாதிரி நின்றார். ஆபீசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலயா வருது? போய்ட்டு வாங்கப்பா, அடக்கக் கூடாது."

"அதில்லீங்க சார்," என்றார் அய்யாவு அண்ணன், விரலை இறக்காமல். "நாங்க மேற்கோள் குறிங்க."

இந்தக் கூத்து ஏன் வந்தது என்றால், காலையில் ஷகிலா மிஸ் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். இவர்கள் அதை விட்டுவிட்டு, முந்தின இரண்டு வாரமாகச் சொன்னதை எல்லாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

மேட்டுக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பின்னால், உரக்கடை மாடியில் ஒரு இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பு. படிக்க வந்தது ஆறு பேர். அதில் தேன்மொழி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. மிச்சம் ஐந்து. ஐந்துக்கும் சேர்த்து அரை மூளை இருந்தது, அதையும் முறை வைத்துத்தான் பயன்படுத்தினார்கள்.

ஷகிலா மிஸ் அவர்களுக்கு ஸ்ட்ரிங் சொல்லிக்கொடுத்தார். எழுத்துகளை வரிசையாகக் கோத்தால் அது ஸ்ட்ரிங். அவ்வளவுதான் விஷயம். பத்து வயசுப் பிள்ளைக்கு அரை மணி நேரம் போதும். இவர்களுக்கு இரண்டு வாரம் ஆனது. ஆனபிறகு இன்னும் மோசமாகிவிட்டது.

"கம்ப்யூட்டர் ஜீரோவில் இருந்துதான் எண்ணும்" என்றார் மிஸ். அன்றைக்கே பரிமளா அக்கா தையல் கடையில் முதல் கொக்கியை ஜீரோ என்று எண்ண ஆரம்பித்தாள். ஆறு கொக்கி கேட்டவர்களுக்கெல்லாம் ஏழு கொக்கி வைத்த ஜாக்கெட் போனது. ஏழாவது கொக்கியை எதில் மாட்டுவது என்று ஊரே திண்டாடியது.

"இங்கிலீஷ்ல பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கம்ப்யூட்டருக்கு வேற வேற" என்றார். முனிராஜ் ஓட்டுப் போடப் போன இடத்தில், பட்டியலில் தன் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது நான் இல்லீங்க" என்று திரும்பி வந்தான். வீட்டில் கேட்டதற்கு, "அவரு வந்து போட்டுக்குவாரு" என்றான்.

இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு ஷகிலா மிஸ் ஆய்வை எதிர்பார்த்தார். மேலே இருந்து ஒரு ஆபீசர் வருவார். வகுப்பறைக்குள் ஆறு பேர் இருக்க வேண்டும். மூன்று மணிக்குள் அவர் போனில் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். ஆறு இல்லை என்றால் வகுப்பை இழுத்து மூடிவிடுவார்கள். யாருக்கும் சான்றிதழ் கிடையாது.

மற்றவர்களுக்குச் சான்றிதழ் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். மாதேஸ்வரனுக்கு அப்படி இல்லை. பிளஸ் டூவை இரண்டு முறை எழுதியும் தேறாதவன் அவன். ஆடி முடிவதற்குள் கையில் ஒரு சான்றிதழ் இல்லை என்றால் மோகனூர் மாமாவின் கோழிப்பண்ணைக்கு எரு அள்ளப் போக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். எட்டாயிரம் கோழி. மாமா அவன் அளவுக்கு ரப்பர் பூட்ஸ்கூட வாங்கி வைத்துவிட்டார். போன வாரம் போனில் கூப்பிட்டு, "கால் அளவு ஒன்பதுதானடா மாப்ள?" என்று அன்பாக விசாரித்தார். அதிலிருந்து மாதேஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை. முட்டை சுத்தமாக இறங்கவில்லை.

காலையில் மிஸ் ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டே சொன்னார்: "நான் போய் தேன்மொழியைக் கையோட கூட்டிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணாதீங்க. சாமி சத்தியமா ஒண்ணும் பண்ணாதீங்க. உக்காந்திருங்க, போதும்."

ஸ்கூட்டி தெருமுனை திரும்புவதற்குள் ஐந்து பேரும் கூட்டம் போட்டுவிட்டார்கள்.

"நாம அஞ்சு பேர். ஆறு வேணும்," என்று லூர்து ஆரம்பித்தான். அவன் செல்போன் கடையில் வேலை பார்ப்பவன். ஆகவே விஞ்ஞானி.

"மிஸ் வராம போயிட்டா?" என்றான் மாதேஸ்வரன். பூட்ஸ் கண்முன் வந்து நின்றது.

"பதறாத. ஸ்பேஸும் ஒரு எழுத்துதான்னு மிஸ் சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"ரெண்டு வார்த்தைக்கு நடுவுல ஒண்ணுமே இல்லாத இடத்தையும் கம்ப்யூட்டர் ஒண்ணுன்னு எண்ணுதா இல்லையா?"

"எண்ணுது."

"அப்ப நாம நெருக்கி உக்காராம ஒவ்வொருத்தருக்கு நடுவுல ஒரு காலி நாற்காலி போடுவோம். ஆள் அஞ்சு, நடுவுல காலி நாலு. மொத்தம் ஒன்பது!"

எல்லோருக்கும் மூச்சே நின்றுவிட்டது. ஆறு கேட்ட அரசாங்கத்துக்கு ஒன்பது! பரிமளா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அய்யாவு அண்ணன் மட்டும் தாடையைச் சொறிந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். எதையும் பின்னால் பார்த்துத்தான் எடுப்பார்.

"அது சரிப்பா. மேற்கோள் குறி எங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு குறி போடாம ஸ்ட்ரிங் எழுதி, நான் எத்தனை தடவை செவப்பா எர்ரர் வாங்கியிருக்கேன்? ஆபீசர் முன்னாடி எர்ரர் வந்தா என்ன பண்ணுவே?"

அந்த நியாயத்தை யாராலும் மறுக்க முடியவில்லை. முன்குறியாக அய்யாவு அண்ணன், பின்குறியாக மாதேஸ்வரன் என்று முடிவானது. மாதேஸ்வரன் தானாகவே முன்வந்தான். வகுப்பே தன் கையில் இருக்கிறது என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

"ஆனா குறியைக் கணக்குல சேர்க்காது," என்றான் முனிராஜ். "உள்ள இருக்கறதை மட்டும்தான் எண்ணும்."

உள்ளே மூன்று ஆள், நடுவில் இரண்டு காலி. விரல் விட்டு எண்ணினார்கள். ஐந்து.

"எங்க ஆரம்பிச்சமோ அங்கயே வந்து நிக்குது," என்று பரிமளா அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

கால் மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கீழே உரக்கடையில் சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான்கு பேரில் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு லூர்து துள்ளி எழுந்தான்.

"வால் ஸ்பேஸ்! கடைசில தெரியாம ஒரு ஸ்பேஸ் தட்டிட்டா அதையும் சேர்த்து எண்ணும்னு மிஸ் திட்டினாங்கல்ல! கடைசி ஆளுக்கு அப்புறம் இன்னொரு காலி நாற்காலி போடு!"

ஆறு. கை தட்டினார்கள்.

அந்தக் கடைசி நாற்காலியில்தான் இப்போது ஆபீசர் உட்கார்ந்திருந்தார்.

"சார் எந்திரிச்சா ஆறு. இப்ப அஞ்சாயிடுச்சு," என்று மாதேஸ்வரன் வாசலில் இருந்தே கெஞ்சினான்.

"இருடா," என்றான் லூர்து. "அவசரப்படாத. ஸ்பேஸ் போச்சு, சரி. அந்த இடத்துல என்ன வந்திருக்கு?"

"சார் வந்திருக்காரு."

"சார் எழுத்தா, இல்லையா?"

முனிராஜ் ஆபீசரைத் தலை முதல் கால் வரை பார்த்தான். சஃபாரி சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, நல்ல கனமான ஆள். "பெரிய எழுத்துதான்," என்றான் மரியாதையாக.

"அப்ப ஸ்பேஸ் ஒண்ணு கழிஞ்சுது, சார் ஒண்ணு கூடினாரு. ஆறு ஆறாவேதான் இருக்கு."

"இன்னும் நல்லாத்தான் இருக்கு," என்றார் அய்யாவு அண்ணன். "வால் ஸ்பேஸ் கண்ணுக்குத் தெரியாது. சார் தெரியறாரு."

ஆபீசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவர் பார்க்காத வகுப்பு இல்லை. நாற்பது பேர் பதிவாகி நாற்பது பேரும் இல்லாத இடத்துக்குப் போய், மட்டன் பிரியாணி சாப்பிட்டு, "நன்று" என்று எழுதிவிட்டு வந்திருக்கிறார். அதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை. உண்மையாகவே ஐந்து பேர் படிக்கும் வகுப்பை இன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறார். தலை சுற்றியது.

"இங்க பாருங்கப்பா. எனக்கு மூணேகாலுக்குப் பஸ். ஆள் ஆறு இருக்கா, இல்லையா?"

"இருக்குங்க சார். நீங்க அசையாம இருந்தா இருக்கு."

அப்போது படியில் தடதடவென்று சத்தம். ஷகிலா மிஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே தேன்மொழி, தோளில் கைக்குழந்தை. மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

"சார்! ஆறாவது ஆள் வந்தாச்சு சார்!"

ஆபீசர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது. போனை எடுத்தார். "நல்லவேளை தாயி. உள்ள வாம்மா, அந்த ரெண்டு பேரும் இப்படி உக்காருங்க. ஒரு போட்டோ. எல்லாருக்கும் சர்டிபிகேட், எனக்குப் பஸ்."

தேன்மொழி ஒரு காலை உள்ளே வைக்கப் போனாள். மாதேஸ்வரன் அசையவில்லை.

"தள்ளுடா," என்றார் மிஸ்.

"எப்படிங்க மிஸ்? நான் பின்குறி. குறி போட்டு முடிச்சப்புறம் வர்றது ஸ்ட்ரிங்ல சேராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"டேய், ஆறு பேர் வேணும்டா!"

"உள்ள ஆறு இருக்குது மிஸ். இவங்க வந்தா ஏழாயிடும்."

"எட்டு," என்று உள்ளேயிருந்து முனிராஜ் திருத்தினான். "குழந்தை சின்ன எழுத்துதான். ஆனா கணக்குல உண்டு."

ஆபீசர் எழுந்தார். "நான் கணக்குல இல்லப்பா! நான் வெளிய போறேன், அந்தம்மா உள்ள வரட்டும்."

பரிமளா அக்கா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அமைஞ்சுபோன ஸ்ட்ரிங்ல இருந்து ஒரு எழுத்தைப் பிடுங்கி இன்னொண்ணை வைக்க முடியாதுங்க சார். மொத்தத்தையும் அழிச்சுட்டுத்தான் புதுசா எழுதணும். உங்களை அழிக்க எங்களுக்கு மனசு வராதுங்க."

"நானே சொல்றேன்டா, அந்தப் பாடத்தை மறந்துடுடா!" மிஸ் குரல் உடைந்தது. "உன் சான்றிதழ்டா அது!"

மாதேஸ்வரனுக்கும் கண் கலங்கியது. இதுவரை பாடத்தை மறக்காதே என்று கத்திய மிஸ் இன்றைக்கு மறக்கச் சொல்கிறார். அவனைச் சோதிக்கிறார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பரீட்சை என்றால் இப்படித்தான் கடைசியில் குழப்பிவிடுவார்கள். இரண்டு முறையும் அப்படித்தான் ஏமாந்தான். இந்தத் தடவை ஏமாறுவதாக இல்லை. விரல்களை இன்னும் விறைப்பாக நீட்டினான்.

இரண்டு ஐம்பத்தைந்து ஆனது. மூன்று ஆனது. நேரம் முடிந்தது என்று ஆபீசரின் போன் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. மூன்றேகால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கீழே போனது.

அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மிஸ் கெஞ்சிச் சொன்னார், ஆபீசர் உள்ளேயிருந்து கத்திச் சொன்னார், தேன்மொழி குழந்தையை அவன் மூக்குக்கு நேராக நீட்டிச் சொன்னாள். கடையைப் பூட்ட வந்த உரக்கடைக்காரர்கூட என்ன ஏது என்று கேட்காமலேயே சொல்லிப் பார்த்தார்: கதவை விட்டுத் தள்ளிக்கோ.

அவன் தள்ளவில்லை.