பெரிய வீட்டுத் தொட்டியும் கடைசி வீட்டுக் கொசுவும்

ஒரு மலையடிவாரத்துல ஒரே ஒரு தெரு இருந்துச்சாம். தெருவோட ஒரு முனையில ஊர் மணியக்காரர் அங்கப்பனோட பெரிய வீடு, மறு முனையில உலகம்மா குடிசை, குடிசைக்குப் பின்னால செங்குத்தாப் பாறை. உலகம்மாவுக்குப் புருசன் இல்ல, பூவாயின்னு ஒரே பொண்ணு. அந்தப் பொண்ணுக்கு இழுப்பு. கொஞ்சம் புகை பட்டாலும் மூச்சு விட முடியாம நெஞ்சு ஏறி ஏறி இறங்கும். அதனால உலகம்மா அடுப்பைக்கூட வெளியில வச்சுத்தான் எரிப்பா. இதை மனசுல வச்சுக்குங்க, பின்னால வேணும்.

மணியக்காரர் வீட்டு முற்றத்துல ஒரு கல்தொட்டி. அவரு தாத்தா காலத்துல மாடுங்க தண்ணி குடிச்ச தொட்டி. மாடெல்லாம் போயாச்சு, தொட்டி மட்டும் நின்னுச்சு. தொட்டியோட அடி தெரிஞ்சா குடி கெட்டுப்போகும்னு அந்த வீட்டுல ஒரு பேச்சு. அதனால அதுல குடிக்கவும் மாட்டாங்க, குளிக்கவும் மாட்டாங்க, வத்த வத்த ஊத்திக்கிட்டே இருப்பாங்க. தண்ணி பாசி பிடிச்சு, அதுல புழு நெளிஞ்சு, புழு கொசுவாகி... ஆமா கண்ணு, கொசு அங்கதான் பொறக்குது, பின்ன வானத்துலேருந்தா குதிக்குது?

பொழுது சாய்ஞ்சா கொசு கிளம்பும். மணியக்காரர் வீட்டுல வேப்பந்தழையும் நொச்சித்தழையும் போட்டுப் புகைமூட்டம் போடுவாங்க, கொசு பக்கத்து வீட்டுக்குப் போகும். அவங்களும் மூட்டம் போடுவாங்க, அதுக்கடுத்த வீட்டுக்குப் போகும். அவங்களும் போடுவாங்க, இன்னும் அடுத்த வீட்டுக்குப் போகும். இப்படித் தள்ளித் தள்ளி, மூட்டமே போடாத உலகம்மா குடிசையில வந்து மொத்தமும் அடையும். அந்தத் தெருக்காரங்களக் கெட்டவங்கன்னு சொல்ல முடியுமா? பூவாயிக்கு முறுக்கு குடுப்பாங்க, தலையத் தடவுவாங்க. சாயங்காலமானா கொசுவ அவ வீட்டுக்குத் தள்ளிவிட்டுட்டு நிம்மதியாத் தூங்குவாங்க. நல்லவங்கதான், போங்க.

ஒரு நாள் மக மேல உக்காந்த கொசுவ அடிக்க உலகம்மா கைய ஓங்குனா, அந்தக் கொசு பேசுச்சாம். என்னை அடிச்சு என்ன ஆகப்போவுது, எனக்குப் பின்னால இன்னும் வரும்னுச்சு. எங்கேருந்துதான் வர்றீங்கன்னு கேட்டா.

"பொறந்தது பெரிய வீட்டுத் தொட்டியில. ஆனா அங்க எங்களுக்குச் சோறு கிடையாது, உன் வீட்டுலதான் கிடைக்குது"ன்னு சொல்லிட்டுப் பறந்துபோச்சு.

மறுநாளே உலகம்மா பெரிய வீட்டு வாசல்ல போய் நின்னா. தொட்டியக் கொஞ்சம் காயப் போடுங்க ஐயான்னா. கொசு காத்துல வருது, போன்னுட்டாரு மணியக்காரர். பூவாயிக்குக் குளிர்காய்ச்சல் கண்டுச்சு, மறுபடியும் போனா. உன் குடிசையச் சுத்தமா வச்சுக்க, போன்னுட்டாரு. காய்ச்சல் ஏறிப் பொண்ணு பிதற்ற ஆரம்பிச்சுச்சு, மூணாந்தடவையும் ஓடுனா, வாசப்படியில விழுந்தா.

"ஐயா, எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அந்தத் தண்ணிய மட்டும் விட்டுடுங்க."

"உன் மக காய்ச்சலுக்காக என் குடி கெடணுமா? மூட்டம் போடத் துப்பில்ல, தொட்டியக் குத்தம் சொல்ல வந்துட்ட."

பூவாயி போயிட்டா. அழாத கண்ணு. அன்னிக்கு அந்தத் தெருவே மார்ல அடிச்சுக்கிட்டு அழுதுச்சு. அழுது முடிச்சு, பொழுது சாய்ஞ்சதும் அவங்கவங்க வீட்டுக்குப் போய் மூட்டம் போட்டாங்க.

அப்போ உலகம்மா எந்திரிச்சா. "இனிமே இங்க யாருக்கு மூச்சு முட்டப்போவுது"ன்னு சொல்லிக்கிட்டே தழையா அள்ளிட்டு வந்து, குடிசை பூரா மூட்டம் போட்டா. கொசு வந்து பாத்துச்சு. முன்னால புகை, பின்னால பாறை. திரும்புச்சு. பக்கத்து வீட்டுல புகை, அதுக்கடுத்த வீட்டுல புகை, அதுக்கும் அடுத்த வீட்டுல புகை. வேற எங்க போகும்? பொறந்த வீட்டுக்கே போச்சு. அங்கயும் புகைதான், ஆனா மணியக்காரர் எவ்வளவு நேரம் போடுவாரு? தழை தீர்ந்துச்சு, புகை அடங்குச்சு, மொத்தக் கொசுவும் அவரு கட்டில்ல இறங்குச்சு. தெனமும் இதே கதை. கடைசியில அவருக்கும் குளிர்காய்ச்சல் வந்து, கட்டிலே ஆடுற மாதிரி நடுங்குனாரு.

குடியாவது ஒண்ணாவது, தொட்டியக் கவுத்துங்கடான்னு அலறுனாரு. தெருவே வந்து தள்ளுச்சு, கல்தொட்டி அசையல. உலகம்மாவும் வந்தா. அது வரைக்கும் அந்த முற்றத்துல அவள யாரு விட்டா? தொட்டியச் சுத்திப் பாத்தா. அடியில சின்னதா ஒரு ஓட்டை, அதுல ஒரு கந்தல் துணி அடைப்பு. குனிஞ்சு ஒரு இழுப்பு இழுத்தா, தண்ணி அவ்வளவும் கொடகொடன்னு போயிருச்சு.

கையில இருந்த துணிய அவரு கட்டில் மேல வச்சா.

"இவ்வளவுதானா ஐயா?"

உலகம்மா அந்த ஊரை விட்டே போயிட்டா.

மணியக்காரர் பொழைச்சாரான்னு கேக்குறியா? பொழைச்சாரு. ஆனா சாகுற வரைக்கும் பொழுது சாய்ஞ்சா போதும், கோடையிலயும் கம்பளியப் போத்திக்கிட்டு பல்லு கிட்டிக்க நடுங்குவாரு. தொட்டியோட அடி தெரிஞ்சா குடி கெடும்னாங்களே, அவரு கூரையில ஒரு ஓடுகூட நழுவல. கெட்டது கடைசி வீட்டுக் குடி ஒண்ணுதான், அது அடி தெரியறதுக்கு முன்னாடியே கெட்டுப்போச்சு.

தொட்டி காஞ்சுச்சு, என் தொண்டையும் காஞ்சுச்சு. காலையில எந்திரிச்சதும் நம்ம கொல்லையில கெடக்குற கொட்டாங்குச்சியெல்லாம் கவுத்திப் போடுங்க. அடுத்த வீட்டுலயும் பூவாயி மாதிரி ஒரு பிள்ளை இருக்கு. இப்ப கண்ண மூடுங்க.